ஹீட்டர் பிளக் நான்கு உடனே தேவை

குளிர்கால முகாம்,
வெள்ளை மாதம் பிறந்து நான்காம் நாள்.

நகரத்தில் வசிக்கும் என் அருமை மாப்பிள்ளை தெம்பெரெல் அவர்களுக்கு மாமனார் சோய்ஜில் அன்போடு எழுதிக்கொண்டது. குளிர்காலம் உங்களுக்கு அமைதியாகக் கழிகிறதா? என் மகள் சோல்சயாவும் பேரப்பிள்ளைகளும் புதுவருஷத்தை நல்லபடியாக வரவேற்றீர்களா? இங்கே ஆடுகள் உடம்பில் கொழுப்போடு இருக்கின்றன. குதிரைகள் மலைக்குப் பின்னால் மேய்கின்றன. உங்கள் மாமியார் நோர்ஜ்மா என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். வண்டி ஒன்றுதான் சுகமில்லை.

போன் பேசலாமே என்பீர்கள். சிக்னல் மலை உச்சியில்தான் வருகிறது, அங்கே போய் "ஹலோ" என்பதற்குள் போன் குளிரில் செத்துவிடுகிறது. அதனால் சரக்கு லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு, போட்டது போட்டபடி புறப்பட்டு, நம் டீசல் வண்டிக்கு, எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்பும் ஹீட்டர் பிளக் நான்கும் ஒரு டீசல் ஃபில்டரும் வாங்கிக்கொண்டு வந்து சேருங்கள். இது மானப் பிரச்சினை.

என் அக்கா தேஜித்தை உங்களுக்குத் தெரியும். அத்தான் காலமானதிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் தனிக் கூடாரத்தில் ஒற்றை ஆளாக இருக்கிறாள். இந்தக் குளிரில் ஒரு நாள் அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. எங்களோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனை முறை கெஞ்சினேன்! "தம்பி வீட்ல போய் அக்கா ஒண்டிக்கிறதா? என்னை என்னன்னு நெனச்ச?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். வெள்ளை மாதத்தின் முதல் நாள், புதுவருஷத்தன்று, சின்னவன்தான் பெரியவளைத் தேடிப் போய், அவள் கைகளைக் கீழிருந்து தாங்கி வணங்க வேண்டும். பெரியவள் சின்னவன் வீட்டு வாசலுக்கு வருவதென்பது கிடையாது. நான் போகாவிட்டால் அவள் விருந்தாளிக்கென்று அடுக்கிய புதுவருஷப் பலகாரத்தின் முன்னால் பட்டு உடுத்திக்கொண்டு நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பாள். இந்தக் கவலையோடுதான் நான் வண்டியை முந்தைய நாளே தயார் செய்தேன்.

நீங்கள் இலையுதிர் காலத்தில் வந்தபோது சொல்லிவிட்டுப் போன எதையும் நான் மறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். அடுப்பு ஓரமெல்லாம் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்ததால் என் கட்டிலில், என் பக்கத்தில், கம்பளி போர்த்திப் படுக்க வைத்தேன். "ஏங்க, இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாள் போர்த்தி விட்டிருக்கீங்களா?" என்று உங்கள் மாமியார் ஆரம்பித்தவள் விடியும் வரை நிறுத்தவில்லை. எஞ்சினுக்குக் கம்பளம் போர்த்தச் சொன்னீர்கள், அதற்கும் கூடாரக் கதவுக் கம்பளத்தையே கழற்றிக்கொண்டு போனேன், அதன் விளைவாக எங்கள் இருவருக்கும் இப்போது சளி. குளிர்கால டீசல்தான் ஊற்ற வேண்டும் என்றீர்கள். அதில் மட்டும் ஒரு சின்னப் பிசகு. புல் அறுத்தபோது மீந்த கோடைக்கால டீசல் பீப்பாயில் இருந்தது, நல்ல டீசலை எதற்கு வீணாக்க வேண்டும் என்று ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் ஆறிப்போன ஆட்டுக்கால் சூப் மேல் கொழுப்பு மிதக்குமே, அந்தப் பதத்தில் கெட்டியாகிக் கிடந்தது.

வண்டியின் முகத்தைக் காற்றுக்குக் காட்டாதே, முதுகைக் காட்டி நிறுத்து என்றும் சொல்லியிருந்தீர்கள். இங்கேதான் மாப்பிள்ளை, நான் யோசித்து ஒரு காரியம் செய்தேன். இந்த வருஷம் என் பிறந்த வருஷக்காரர்கள் முதல் அடியை வடமேற்கே எடுத்து வைத்தால் போகிற காரியம் ஜெயம் என்று லாமா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தார். அவர் காலுக்குத்தான் சொன்னார். நான் சக்கரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு வண்டியை வடமேற்கே முகம் பார்க்க நிறுத்திவிட்டேன். அந்தத் திசையிலிருந்துதான் இங்கே காற்று வரும் என்பது உங்கள் கைக்குழந்தைக்கும் தெரியும். ராத்திரி முழுக்க அது ரேடியேட்டர் வழியாகப் புகுந்து எஞ்சினைக் கல்லாக்கிவிட்டது.

விடிந்ததும் நான் வடமேற்கே நடந்துவிட்டு வந்து சாவியைத் திருகினேன். செல்ஃப் "ம்ம்ம்" என்று ஒரு முறை முனகியது, அவ்வளவுதான். சரி என்று வரட்டித் தணலைத் தகரத் தட்டில் வாரி ஆயில் சம்புக்கு அடியில் தள்ளினேன். வண்டி சூடானதோ இல்லையோ, கதவுக் கம்பளத்தின் ஒரு முனை நன்றாகவே சூடாகிப் புகைந்தது. அதை மிதித்து அணைத்துவிட்டு, "ஃபில்டர்ல ஊத்த வெந்நீர் கொண்டா!" என்று நோர்ஜ்மாவிடம் கத்தினேன். அடுப்பில் இருந்தது வருஷத்தின் முதல் பால் டீ. அந்த முதல் டீயை வானத்துக்குப் படைக்காமல் வேறு யாருக்கும் தர மாட்டாளே! கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டு வந்தாள். ஆனால் கிழக்கே ஒரு கரண்டி, மேற்கே ஒரு கரண்டி, மலைத்தெய்வத்துக்கு ஒரு கரண்டி என்று எல்லாத் திசைக்கும் தெளித்து முடித்து ஃபில்டரில் ஊற்றியபோது அது உறைந்து ஃபில்டருக்கு வெள்ளை வெளேரென்று ஒரு சட்டை போட்டது. உப்பு டீ வேறு.

அந்த நேரம் பார்த்து நம் அண்டை முகாம் புரெவ் புது அங்கியும் மோட்டார் சைக்கிளுமாக வாழ்த்துச் சொல்ல வந்து சேர்ந்தான்.

"என்ன அண்ணே, வண்டிக்கும் டீ குடுத்து உபசாரமா? கொழுக்கட்டை வச்சீங்களா?"

"வாய மூடிட்டுத் தள்றியா, போறியா?"

"கோவிச்சுக்காதீங்க. நான் மலைக்கு அந்தப் பக்கம் போறேன், பின்னால ஏறிக்குங்க."

"அக்காவைப் பாக்க அடுத்தவன் வண்டியில போவேனா? எம் பொண்டாட்டி எங்க உட்காருவா? மடியிலயா? நீ போ, நான் உனக்கு முன்னால போய் நிப்பேன்."

போனான். நான்தான் போய் நிற்கவில்லை. மத்தியானம் வரை திருகினேன், தள்ளினேன், உதைத்தேன், கும்பிட்டேன். பொழுது சாயத் தொடங்கியபோது, அக்கா இந்நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. கண்ணீர் இமையில் உறைந்து ஒரு கண் திறக்கவில்லை. மற்றக் கண்ணால்தான் பார்த்தேன், புரெவின் மோட்டார் சைக்கிள் திரும்பி வருவதை. பின்னால் பட்டு அங்கியும் நரித்தோல் குல்லாவுமாக தேஜித் அக்கா!

எனக்கு உயிரே போய்விட்டது. பெரியவள் சின்னவன் வாசலுக்கு வருவதா! ஓடிப்போய், "அக்கா, நீங்க வரலாமா? ஊர் என்ன சொல்லும்?" என்றேன்.

"டேய், தள்ளு. உன்னைப் பாக்க யாரு வந்தா?" என்றாள். நேராக வண்டி முன்னால் போய் நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். "வயசைப் பாத்தா இது எனக்கு மூத்ததாத்தான் தெரியுது. மூத்தவங்களை நாமதான் தேடி வரணும்" என்று இரண்டு கைகளையும் நீட்டி பம்பரைக் கீழிருந்து தாங்கி, "அமைதியா இருக்கீங்களா?" என்று கேட்டாள். பிறகு பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொடுக்கும் நீலப் பட்டுத்துணியை வைப்பரில் கட்டினாள். புரெவ் சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, உன்னையும் பாத்துடறேன்" என்றாள். நான் அவள் கைகளைத் தாங்கினேன். ஒன்றுமே கனமில்லை மாப்பிள்ளை, போன வருஷத்தைவிட ரொம்ப இளைத்திருக்கிறாள்.

அக்கா கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர் ஓட்டியவள் அல்லவா, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "இது என்னடா பிளாஸ்திரி?" என்றாள். டேஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து எரிந்து என் உயிரை வாங்குகிறதே என்று நான்தான் அதன் மேல் ஒட்டியிருந்தேன். "அட கூமுட்டை, பிளக் சூடேறுதுன்னு காட்டற விளக்குடா இது, அணையற வரைக்கும் பொறுத்துத்தான் சாவியத் திருகணும்" என்று பிளாஸ்திரியைப் பிய்த்தாள். ஃபில்டருக்கு உண்மையான வெந்நீர் ஊற்றச் சொன்னாள். டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னாள். விளக்கைப் போடுவதும் காத்திருப்பதுமாக ஒரு பாட்டை முழுக்க முணுமுணுத்து முடித்துச் சாவியைத் திருகினாள். வண்டி இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, ஓடியது! நானும் நோர்ஜ்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எங்கள் கூடாரத்துப் புகையைப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்! "வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்கு டீ குடு" என்று உள்ளே போய்விட்டாள். வயசாகிவிட்டதல்லவா, குளிரில் அணைத்தால் மறுபடி எடுக்காது என்பது மறந்துபோயிருக்கும். நான் பயந்தபடியே அதற்கப்புறம் வண்டி மூச்சே விடவில்லை. ஹீட்டர் பிளக்குகள் நான்கும் எரிந்து போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. புரெவ் அவளுடைய மாடுகளையும் ஆடுகளையும் இங்கே ஓட்டி வந்துவிட்டான். "வண்டி எடுக்கற அன்னிக்கு நான் கெளம்பிடுவேன். அதுவரைக்கும் வேற வழி?" என்கிறாள்.

அதனால்தான் மாப்பிள்ளை, அக்காவை மரியாதையாக அவள் கூடாரத்தில் கொண்டு போய் விடாவிட்டால் வீம்புக்காரி என் மேல் வருத்தப்படுவாள். பிளக்கோடு உடனே வாருங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மந்தையோடும் இருக்க வேண்டும். குழந்தைகளின் நெற்றியை நான் முகர்ந்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் சோய்ஜில்.

பின்குறிப்பு: டிரைவர் வருவதற்குள் பிளக் நம்பரையும் குறித்து அனுப்பலாம் என்று பானெட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்குப் போகும் வயரையே காணோம். வெள்ளாடு தின்றிருக்கும் என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தால், அக்கா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். அடுப்போரம் காயவைத்திருந்த அவளுடைய கம்பளிப் பூட்ஸுக்குள் அந்த வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பூட்ஸை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்தே தீருவீர்கள் என்றால் வெறுங்கையோடு வாருங்கள். அக்கா கேட்டால், இந்த வண்டிக்கு ஹீட்டர் பிளக் உலகத்தில் எங்கேயும் கிடைப்பதில்லை என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.