கோபுர அறையைக் கொடுக்காத கோட்டை

"இது வீட்டின் ஆகப் பழைய பகுதி. குனிந்து வரவும்."

எங்கள் வீட்டுக் கோபுர அறைக் கதவில் ஆணியடித்திருந்த அட்டையில் இப்படி எழுதியிருந்தது. தேதி இல்லை. அதை எழுதியவரைப் போல நூற்றாண்டுகளைச் சர்வசாதாரணமாகக் கையாண்ட மனிதர் யாங்கூனில் வேறு எவரும் இல்லை. எழுதிய தேதியைப் போடும் பழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

தமிழர்களுக்கு அவர் கோட்டை. பர்மியர்களுக்கு, மரியாதை சேர்த்து, ஊ கோட்டை. நகராட்சியில் வரைபடங்களைப் பிரதியெடுத்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

யாங்கூனின் லான்மடாப் பகுதியில் நாங்கள் நான்கு குடும்பங்கள் ஒண்டியிருந்த அந்தச் செங்கல் வீட்டை அந்தக் காலத்து ஸ்காட்லாந்து அரிசி வியாபாரி ஒருவர் கட்டினார். ஊரிலிருந்த தன் பாட்டன் மாளிகையை அப்படியே நகலெடுக்கச் சொன்னாராம். மூல மாளிகை முந்நூறு வருடம் வளர்ந்தது. முதலில் எதிரிகளுக்குப் பயந்து தடித்த சுவரோடு ஒரு கோபுரம். பேரன் காலத்தில் அதை ஒட்டி ஒரு கட்டு. பணக்கார மருமகள் வந்ததும் விருந்துக்கூடம். ஒவ்வொரு முறையும் பழைய வெளிச்சுவர் உள்சுவரானது. அதிலிருந்த ஜன்னல்கள் பக்கத்து அறையைப் பார்த்தன. நகலெடுத்த மேஸ்திரிகள் அந்த உள்ஜன்னல்களையும் விடாமல் வைத்துக் கட்டினார்கள்.

வீடு முழுக்க ஒரே சூளைச் செங்கல், ஒரே முத்திரை. மொத்தமும் ஒரே மூச்சில் கட்டியதுதான் என்று கோட்டையிடம் ஒருநாள் சொன்னேன். என்னை அவர் அழைப்பது 'சயா', பர்மிய மொழியில் வாத்தியார்.

"சயா, படிச்சவரு இப்படிப் பேசலாமா? இது வளர்ந்த வீடு. நீங்க குடியிருக்கிறது மருமக கட்டு. அதான் உங்க பக்கம் எப்பவும் சத்தம்."

என் மைத்துனர் வந்தபோது, கழிப்பறை எங்கே என்று கோட்டையிடம் கேட்டுவிட்டார்.

"நேராப் போங்க. பேரன் காலத்தைத் தாண்டினா ஒரு படி வரும், எறங்குங்க. அவசரம்னா எரநூறு வருஷத்தை ஓடித்தான் கடக்கணும்."

மைத்துனரால் நூறு வருடம்தான் தாங்க முடிந்தது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மண்டலேயைச் சாய்த்த நிலநடுக்கம் எங்களை விரிசல்களோடு விட்டது. மழை தொடங்கியதும் பின்கட்டுத் தகரச் சாய்ப்பு ஒழுகியது. அங்கேதான் செல்வி இருந்தாள். கணவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருந்தான். நான்கு வயது மகளுக்கு இளைப்பு. ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும். வீட்டில் நனையாத இடம் கோட்டை குடியிருந்த கோபுர அறை ஒன்றுதான். நான்கடிக் கனச் சுவர்.

செல்வி அந்த அறையின் உள்ஜன்னலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, மழை விடுற வரைக்கும். புள்ள மட்டும் உள்ள படுக்கட்டும்."

"முடியாது."

"ஒரு ஓரமா..."

"உன் ஙாபி நாத்தம் இங்க ஏறுச்சுன்னா முந்நூறு வருஷத்துக்குப் போகாது. போ, போ."

ஙாபி என்பது நாங்கள் எல்லோரும் அன்றாடம் தின்னும் மீன் விழுது. அவரும் தின்பார். பேசிய கையோடு தன் தார்ப்பாயைச் சுருட்டி ஜன்னல் வழியே அவள் காலடியில் எறிந்தார்.

"இதைப் போட்டு மூடு. கோபுரத்தை மட்டும் கேக்காத."

வீடே அவரோடு பேச்சை நிறுத்தியது. மாடியில் குடியிருந்த கோ டின், "கிழம் அந்தச் சுவரைக் கட்டிக்கிட்டே சாகட்டும்" என்று பர்மிய மொழியில் கத்தினார். உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது: "அதுக்குத்தானே இருக்கேன்." எல்லோரும் சிரித்தோம்.

சமாதானம் பேச நான் போனேன். குழந்தையின் நிலையை விளக்கினேன். கோட்டை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சயா, அவ தலைக்கு மேல இருக்கிறது தகரம். விழுந்தா மண்டை வீங்கும். அவ்வளவுதான்." கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

ஆகஸ்டில் ஒரு நண்பகல் கோபுரம் விழுந்தது. தேதி என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதக் கை வரவில்லை. மற்றக் கட்டுகள் நின்றன. தகரச் சாய்ப்பும் நின்றது. கோட்டையின் உடலை எடுக்க எங்களுக்கு மாலையாகிவிட்டது. கோ டின்தான் முதலில் கையால் செங்கல் அள்ளத் தொடங்கியவர், கடைசியாக நிறுத்தியவரும் அவரே.

நான்கடிச் சுவர் என்பது இருபக்கமும் ஒற்றைச் செங்கல். நடுவில் மணல், உடைந்த ஓடு, நிறைய வெற்றிடம். தடிப்பும் நகல்தான்.

விழாமல் நின்ற துண்டுச் சுவரில், கோட்டையின் கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக, ஒரு காலண்டர் தொங்கியது. இடிபாட்டைப் பார்க்க வந்த மேஸ்திரி அதை எடுத்தார். பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதன் வழியே உள்ளிருந்த மணல் தெரிந்தது.

"உளி பட்ட மாதிரியும் இருக்கு, சயா. நடுக்கத்துல தானா உதிர்ந்த மாதிரியும் இருக்கு."

அவர் அறையைக் காலி செய்திருந்தால் அன்று மாலையே செல்வி மகளோடு உள்ளே போயிருப்பாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருமே விலகியிருப்போம். ஆனால் தன் கோபுரம் வெறும் மணல் என்பதைக் கோட்டை எந்த வாயால் சொல்லியிருப்பார்?

"பெரியப்பாவுக்குத் தெரியும்," என்கிறாள் செல்வி. "தெரிஞ்சுதான் திட்டினாரு."

துளையைப் போட்டது அவர்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அந்தத் துண்டுச் சுவரை மட்டும் இடிக்க வேண்டாமென்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.