மேட்டுக்குறிச்சிக்கு முரசு இல்லை

மன்னர் காற்றை ஏலம் விட்ட நாடு ஒன்று இருந்தது. அங்கே ஊர்விட்டு ஊர் சேதி போவது முரசொலியில், முரசொலி போவது காற்றில். ஆகவே நாட்டின் காற்று முழுவதையும் தலைநகரத்துப் பிரபு ஒருவர் ஏலத்தில் எடுத்து, தலைநகரில் தெருவுக்கு நான்கு முரசு வைத்தார். மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மலையில் ஏரிக்கரை ஊர் மேட்டுக்குறிச்சி. போன மழையில் ஏரி உடைந்தபோது, கீழே இருந்த ஏழு ஊர்களுக்கும் சொல்ல வழியில்லாமல் பதினோரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. அதில் ஒருத்தி, ஊர்த்தலைவி குருவம்மா கீழூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள். அடுத்த மழைக்குள் ஒரு முரசு வைத்தே தீருவது என்று குருவம்மா தலைநகருக்கு நடந்தாள்.

"காத்து சும்மாத்தான கெடக்கு சாமி? நாங்களே ஒரு முரசு கட்டிக்கிடுதோம்."

ஓசைத்துறை அமைச்சர் கண்களை மூடிச் சட்டத்தை நினைவுகூர்ந்தார். "பயன்படாத காற்றும் பிரபுவின் காற்றே, அம்மணி. அவருடைய இசைவு வேண்டும். ஒலி கடக்கும் ஒவ்வோர் ஊரின் இசைவும் வேண்டும். பறவைத்துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும்."

ஆறு மாதம் அலையாய் அலைந்து, அத்தனையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அமைச்சர் நெகிழ்ந்துபோனார்.

"பிரமாதம்! ஆனால் விண்ணப்பத்தைக் கையால் வாங்குவதை நேற்றோடு நிறுத்திவிட்டோம். நாடு முன்னேறுகிறதல்லவா? இனி அவரவர் ஊர் முரசு வழியாக மட்டுமே விண்ணப்பிக்கலாம்."

"முரசு இல்லன்னுதான சாமி முரசு கேக்கேன்!"

"அதையும் முரசிலேயே தெரிவியுங்கள்."

குருவம்மா சான்றுகளை மடியில் சுருட்டிக்கொண்டாள். "அப்ப நாத்து நடுதப்ப நாங்க போடுத குலவைக்கும் இசைவு வாங்கணுமோ?"

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "பெண்கள் நாக்கைச் சுழற்றுவதை அரசு ஓசையாகவே கருதுவதில்லை." எழுத்தரை அழைத்து அதையும் ஓர் ஆணையாகப் பதியச் சொன்னார்.

திரும்பும் வழியில் குருவம்மா ஏழு ஊர் வயலிலும் இறங்கினாள். "விடாம ஏழு குலவை கேட்டா ஏரி ஒடஞ்சிருச்சின்னு அர்த்தம். நீங்களும் ஏழு போட்டுட்டு மேட்டுல ஏறிருங்க தாயி."

ஐப்பசியில் ஏரி உடைந்தது. குருவம்மா கரையில் நின்று முதல் ஏழு குலவையைப் போட்டாள். அதைக் கீழூர்ப் பெண்கள் வாங்கி அடுத்த ஊருக்குக் கொடுக்க, தண்ணீர் வந்து சேருமுன் ஏழு ஊரும் மேட்டில் நின்றது. ஒரு கன்றுக்குட்டிகூடப் போகவில்லை. தொண்டை கட்டிப்போன குருவம்மா மகளை நினைத்து அழுதாள். அந்த அழுகையிலும் தலை நிமிர்ந்தே இருந்தது.

சேதி தலைநகருக்குப் போனதும், நாடு முழுவதும் ஓசை இணைப்புப் பெற்றுவிட்டது என்று மன்னர் விழா எடுத்தார். தம் காற்றில் குலவை போட்டதாகப் பிரபு வழக்குத் தொடுத்தார். அமைச்சர் அன்றைக்கே குலவையைத் தடைசெய்து ஆணையிட்டார்.

விதிப்படி அந்த ஆணையை முரசில் மட்டும்தான் அறிவித்தார்கள். மேட்டுக்குறிச்சியில் இன்றுவரை அது யார் காதிலும் விழவில்லை. இந்த ஆண்டு நடவுக்கும் முதல் குலவை குருவம்மாதான் போட்டாள்.