கெட்டிமேளத்தை அடுத்து என் மகளின் மூச்சு

மைக்செட் வைத்துப் பிழைக்கிறவன் சத்தத்துக்குப் பயப்படக் கூடாது. நான் பயந்தேன். அதுவும் கடலைக்கொட்டை அளவு மூக்கிலிருந்து வந்த சத்தத்துக்கு.

கச்சிராயபாளையத்தில் எனக்கு ஒலிபெருக்கிக் கடை. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் என் குழாய்கள்தான் மரத்தில் ஏறும். (இந்தப் பக்கத்தில் யாருக்காவது காது மந்தம் என்றால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.) என் மனைவி அமுதாவுக்குத் தலைப்பிரசவம் அவளுடைய தாய்வீடான சின்னசேலத்தில் நடந்தது. கடையைச் சாத்திவிட்டுத் தினமும் அங்கே போய் மகளைப் பார்த்துவிட்டு வருவேன்.

அவள் பிறந்து ஒரு மாதம் தாண்டியிருக்கும். அமுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். 'கொர்ர்... க்கர்ர்... கொர்ர்' என்று ஒரு சத்தம். பூனை நுழைந்துவிட்டது என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். பீரோவுக்குப் பின்னால் தேடினேன். அமுதா கொஞ்ச நேரம் என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாங்க தேடறீங்க?" என்றாள்.

"பூனை."

"பூனை இல்ல. உங்க பொண்ணு."

எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆம்ப்ளிஃபயர் இப்படிச் சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவேன். குழந்தையிடம் எதைப் பிடுங்குவது?

அமுதா பதறவில்லை. தடுப்பூசிக்குக் கள்ளக்குறிச்சி போனபோதே குழந்தை மருத்துவரிடம் அவள் இதைக் கேட்டிருந்தாள். (நான் அந்த நேரம் வெளியே வண்டியை நிறுத்த நிழல் தேடிக்கொண்டிருந்தேன்.) இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு துளியூண்டு, அதில் கொஞ்சம் சளி இருந்தாலே பெரிய சத்தம் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பரிசோதித்துவிட்டு மூக்கில் விடுகிற உப்புத்தண்ணீர் சொட்டு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணெய் விடாதே, தைலம் தடவாதே, சாம்பிராணி போடாதே, மூக்கில் வாய் வைத்து ஊதாதே. எதற்கு உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். அத்தனையையும் அமுதா ஒரு வார்த்தை சிந்தாமல் மனதில் வாங்கி வந்திருந்தாள். பால் கொடுப்பதற்கு முன் சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து, மெல்லிய துணியால் துடைப்பாள். பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்வாள். தூங்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பாள். பிறகு தன் வேலைக்குப் போய்விடுவாள்.

நான் மட்டும் நம்பவில்லை. ஒருநாள் மாலை, குழந்தை தூங்கும்போது செல்போனை அதன் மூக்கருகே பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். விவரம் தெரிந்தவர்களிடம் போட்டுக் காட்டலாம் என்பது என் திட்டம்.

விவரம் தெரிந்தவர்கள் எங்கும் இருந்தார்கள். அந்த வாரமே கல்வராயன் மலையில் ஒரு கோயில் விழாவுக்கு மைக்செட் கட்டப் போனேன். அங்கே டவர் கிடையாது. வீட்டுக்குப் பேச முடியாத தவிப்பில், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பதிவின் ஆரம்பத்தைப் போட்டுக் காட்டினேன். ஆரம்பம் போதும். நாலு கொர்ருக்குள் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும்.

"நெஞ்சுல சளி கட்டிக்கினு கீது. தைலத்த நல்லா தேயி" என்றார் டீக்கடைக்காரர்.

"சளியெல்லாம் இல்லப்பா. கண்ணு பட்டிருக்கு, சாம்பிராணி போடு" என்றார் மிளகு மூட்டை ஏற்ற வந்தவர்.

மூன்றாவதாகக் கேட்டவர் லாரி ஓட்டுநர். கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டுவிட்டு, "இன்னா வண்டி இது?" என்றார்.

மலையிலிருந்து இறங்கும்போது என் பையில் தைல பாட்டில், சாம்பிராணி, பெயர் தெரியாத ஒரு வேர் எல்லாம் இருந்தன. அமுதா வாசலிலேயே பையை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. தைலத்தைத் திறந்து என் நெற்றியில் ஒரு விரல் தடவினாள். "மலையேறி எறங்கினது தலைய வலிக்கும், இதோட வெளியவே கொஞ்ச நேரம் உக்காருங்க. வாசன போனப்புறம் உள்ள வாங்க" என்றாள். சாம்பிராணி சாமி மாடத்துக்குப் போனது. வேர் எங்கே போனது என்று இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் என் மச்சானுக்குக் கல்யாணம். அமுதாவின் தம்பி. பெண் மணலூர்பேட்டை. சின்னசேலத்தில் மண்டபம். சொந்தக்காரன் என்ற முறையில் மைக்செட் என் சீர். இருக்கிற குழாய்களையெல்லாம் கொண்டுவந்து, மண்டபத்துக்கு உள்ளே பாதி, வெளியே பஸ் ரோட்டைப் பார்த்துப் பாதி கட்டினேன். மேளக்காரர்கள் கிடையாது. நாதஸ்வரம், கெட்டிமேளம் எல்லாம் என் செல்போனிலிருந்துதான்.

முகூர்த்த நேரம் வந்தது. நாத்தனார் முடிச்சுப் போட அமுதா மேடைக்குப் போக வேண்டும். குழந்தையை என் தோளில் நிமிர்த்திப் போட்டு, "ஆட்டாதீங்க, இப்பத்தான் கண்ண மூடினா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐயர் கை காட்டினார். நான் கெட்டிமேளத்தைத் தட்டிவிட்டேன். அதற்குள் யாரோ, "வூட்டு மாப்ள அங்க இன்னா பண்றாரு, போட்டோவுக்கு வரச் சொல்லு" என்று என்னைப் பிடித்து மேடையோரம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தாலி ஏறியது. அட்சதை பறந்தது. அமுதா கடைசி முடிச்சைப் போட்டாள். கெட்டிமேளம் முடிந்தது.

முடிந்தால் நிற்க வேண்டும். செல்போன் தானாக அடுத்ததற்குப் போய்விட்டது.

'கொர்ர்ர்ர்... க்கர்ர்ர்ர்.'

மண்டபம் அதிர்ந்தது. வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்களாம். "மச்சான், ஹாரன் கிழிஞ்சிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினேன். நடுவில் ஆசீர்வாதம் செய்ய வந்த கூட்டம் சுவர்போல நின்றது. தோளில் குழந்தை. முண்டியடிக்க முடியாது.

நாலு கொர்ருக்குப் பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத பகுதி ஆரம்பித்தது. பதிவு செய்த அன்று அதை நிறுத்தவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தனை குழாயிலும் என் குரல் வந்தது. அழுகைக் குரல்.

"அமுதா, எனக்கு பயமா இருக்குது. உங்கப்பா கொறட்டையே இதுக்குத் தேவலாம். அவராவது பழைய டிராக்டரு, எவ்ளோ இழுத்தாலும் நிக்க மாட்டாரு. இது பச்ச மண்ணு..."

பழைய டிராக்டர் மேடையில் பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மணலூர்பேட்டைச் சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். மணப்பெண் கழுத்தில் தாலி ஏறி முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். எனக்கு அந்த மண்டபத்துத் தரை பிளந்து, அதில் ஒரு மைக்செட்காரன் மட்டும் நுழைய இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அப்புறம் அமுதாவின் குரல் வந்தது.

"அழுவாதீங்க. மூக்குலதான் சத்தம். சத்தத்த வுடுங்க, நெஞ்சப் பாருங்க. வெலாவுக்குக் கீழ குழி வுழுதா? வுழல. பால் குடிச்சாளா? குடிச்சா. ஒதடு செவப்பாத்தான கீது. அப்ப இன்னா பயம்? குழி வுழுந்தாலோ, வேக வேகமா மூச்சு வாங்கினாலோ, பால் வேணாம்னாலோ, ஒடம்பு சுட்டாலோ, ஒதடு நீலம் பாஞ்சாலோ ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது, டாக்டர்கிட்ட ஓடணும். அதுவரிக்கும் தூங்கட்டும் புள்ள. நீங்க மூஞ்ச தொடச்சிக்கினு ஒரு வாய் சாப்டுங்க."

சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் இதற்கு ஏனோ அமைதியாகிவிட்டது. முக்கியமாகப் பெண்கள். நான் ஒருவழியாகக் கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் செல்போனின் கழுத்தை நெரித்தேன். நெரித்துவிட்டுத் திரும்பினால், பெண்வீட்டார் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மணப்பெண்ணின் பெரியம்மா மகள், கலைச்செல்வி என்று பிறகு தெரிந்தது. கையில் பூத்துவாலையில் சுற்றிய ஆண்குழந்தை. எங்கள் மகளைவிடக் கொஞ்சம் பெரியவன்.

"அக்கா, இவனக் கொஞ்சம் பாக்கறீங்களா? சளிதான், சரியாப் பூடும்னாங்க. நேத்துலருந்து பால் சரியா குடிக்கல."

அமுதா துவாலையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் ஒட்டிய விரல்களால் சட்டையைத் தூக்கினாள். அவள் முகத்திலிருந்த கல்யாணச் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, வண்டிய எடுங்க."

"இப்பவா? ஆசீர்வாதம்..."

"அது சாயந்தரம் பண்ணிக்கலாம். எடுங்க."

மாமனார் வாய் திறப்பதற்குள் அவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். சொந்தத் தம்பியின் கல்யாணம். முடிச்சுப் போட்ட கையோடு கிளம்பிவிட்டாள். எங்கள் மகளுக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று அவளையும் தூக்கிக்கொண்டாள். மைக்செட் ஏற்றுகிற வண்டியில், முன்சீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். கள்ளக்குறிச்சி வரை ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன்.

வழியெல்லாம் என் மகள் கொர் கொர் என்று மண்டபத்தில் ஒலித்த அதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். அந்தப் பையனிடமிருந்து சத்தமே இல்லை. சின்னச் சின்னதாக, வேக வேகமாக, காற்று உரசுகிற மாதிரி ஒரு மூச்சு. இத்தனை வருடம் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியும் எதைக் கேட்டுப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கலைச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். அமுதா ஒரு கையால் தன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் முதுகைத் தடவினாள். "வந்துட்டோம், வந்துட்டோம். அவன நிமித்திப் புடிச்சிக்கோ. நான் கீறன்ல?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரல் நடுங்கவில்லை. ஆனால் கண் மட்டும் அந்தப் பையனின் நெஞ்சை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலில் தொற்று என்றார்கள். "இன்னிக்கே கூட்டிட்டு வந்தது நல்லது, நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. பையன் சில நாட்கள் உள்ளே இருந்து, வீறிட்டு அழும் தெம்போடு வீடு திரும்பினான். தான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான் என்று கலைச்செல்வியின் கணவர் சொன்னார்.

அன்று நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி முடிந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாமனார். அமுதா குழந்தையோடு பின்னால் நழுவிவிட்டாள். (அந்த ஒரு இடத்தில்தான் அவள் என்னைக் கைவிட்டாள்.) வியர்த்துக்கொண்டு போய் நின்றேன்.

"புள்ள எப்படிக் கீறான்?" என்றார்.

"பொழச்சிக்குவான் மாமா."

"உம்." தலையாட்டினார். இலையில் எடுத்து மூடிவைத்திருந்த சாப்பாட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம் மாப்ள, டிராக்டருன்னீங்களே. எந்த கம்பெனின்னு சொல்லவே இல்லியே" என்றார்.

எனக்குப் புரையேறியது. அவரே தலையில் தட்டினார்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு வயதுக்குள்ளேயே அந்தச் சத்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஆனால் கல்யாண வீடியோ எடுத்தவர் கடமை தவறாதவர். கேமராவை நிறுத்தவே இல்லை. தாலி கட்டும் காட்சியை அடுத்துக் கொர்ர்ரும், என் அழுகையும், அமுதாவின் பேச்சும் துல்லியமாகப் பதிவாகியிருக்கின்றன. (ஒலித்தரத்துக்கு நான் பொறுப்பு.) கலைச்செல்வி அமுதா பேசும் துண்டை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டாள். மணலூர்பேட்டையில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அதைத்தான் அனுப்பிவைக்கிறாளாம்.

மச்சான் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் டிவியில் அந்த வீடியோவைப் போடுவார்கள். தாலி கட்டுகிற இடம் நெருங்கியதும் அமுதா, அடுப்பில் பால் இருக்கிறதென்று எழுந்து போய்விடுவாள். நான் கூரையைப் பார்ப்பேன். மாமனார் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேத்தியிடம் சொல்வார்:

"ரிமோட்ட எடும்மா. சவுண்ட ஜாஸ்தி பண்ணு, உங்கப்பா என்னப் பத்தி பேசப் போறாரு."