ட்ரம்மில் தெளிந்த தண்ணீர்

“தண்ணியில ஒண்ணுமில்ல, டீத்தூள்லதான் கலப்படம்...”

“மூணு கடைத் தூள் போட்டுப் பாத்தாச்சு. மூணும் மை மாதிரிதான் வருது. நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணி...”

“என் கையெழுத்தை எதுக்கு இழுக்கறே?”

மனைவி டம்ளரை அவர் முன்னால் நகர்த்தினாள். டீ கன்னங்கரேலென்று இருந்தது. குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். டீ இப்படிக் கறுத்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தெருத் தண்ணீர் சுத்தம் என்று போன மாதம்தான் சான்றிதழ் கொடுத்திருந்தார். அது தப்பென்றால் வேலைக்கே வேட்டு.

சமையலறை ட்ரம்மிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, இரும்பு இருந்தால் சிவக்கும் ஆய்வுக்கூடத்துச் சொட்டு மருந்தை விட்டார். ரத்தச் சிவப்பு.

“குழாய்ல பிடிச்சுப் பாருங்களேன்.”

“குழாய்த் தண்ணி கலங்கி வரும். தெளிஞ்ச தண்ணியத்தான் சோதிக்கணும். யாருக்குப் பாடம் எடுக்கறே?”

இரும்பைப் பிரித்தெடுக்க பிளீச்சிங் பவுடர் போட்டார். கண்ணெதிரே தண்ணீர் துருப்பிடித்தது. துரு அடியில் படியட்டும் என்று சோடா உப்பைத் தூவினார். படியவில்லை, செம்மண் சேறாகத் திரிதிரியாய் மிதந்தது.

“முன்னாடி டீ மட்டும் போச்சு. இப்ப ட்ரம்மும் போச்சு” என்ற மனைவி, அதே எரிச்சலோடு கூடத்துப் பக்கம் திரும்பினாள். “அப்பா, மாத்திரை?”

“ஆச்சும்மா.” சோகை பிடித்து வெளுத்துப்போயிருந்த மாமனார் காலி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

இவர் அதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், என் சான்றிதழ் தப்பு. தெருவுக்குத் தண்ணிய உடனே நிறுத்திடுங்க... ஆமா சார். எழுதியே குடுத்துடறேன்.”

எழுதி, படமெடுத்து அனுப்பியும் விட்டார். அரை மணியில் தெருக் குழாய்களெல்லாம் வெறும் காற்றை ஊதின. வாசலில் காலிக் குடங்களோடு கூட்டம்.

“இத்தனை நாளா எங்க பிள்ளைங்களுக்கு என்னத்தக் குடிக்கக் குடுத்தீங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பின்னாலிருந்து மாமனார் மெல்ல அவர் தோளைத் தொட்டார்.

“மாப்பிள்ளை, ட்ரம்மை மட்டும் கொட்டிடாதீங்க. டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரை எனக்குத் தொண்டையில இறங்கல. பத்து நாளா அதுலதான் பொடிச்சுக் கரைக்கறேன், எல்லாருக்குமே ரத்தம் ஊறட்டுமேன்னு.”