எங்கே போகிறீர்கள், அறியத் தரவும்

ஜெயரூபினியின் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்புவரை தானாகவே நகர்ந்துபோய், அவள் கையை நீட்டுவதற்குள் கீழே விழுந்தது. விழுந்த பிறகும் அடங்கவில்லை. சீமெந்துத் தரையில் கவிழ்ந்து கிடந்தபடி, வலையிலிருந்து உதறிப்போட்ட மீனைப்போலத் துடித்துக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துப் பார் பிள்ளை," என்றார் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஞானப்பிரகாசம். "ஐஸ் லொறி எத்தினை மணிக்கு வாறதெண்டு அதுக்குள்ளைதான் கிடக்குது."

கிடந்தது. இனிய காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூ ஒன்றுக்கும், கனடாவில் காலமான யாரோ ஒருவரின் மரண அறிவித்தலுக்கும், பாடகர் குழுப் பயிற்சி நேரம் மாறிவிட்டது என்ற செய்திக்கும் இடையில் அது நசுங்கிக் கிடந்தது. லொறி அன்று வழமையைவிட முந்தி வந்து, கரையில் ஒருவரையும் காணாமல் திரும்பிப் போயிருந்தது. கரைக்கு வந்த மீன் முழுவதும் வெயிலில் காய்ந்தது.

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலுள்ள அந்தச் சங்கத்துக்கு ஜெயரூபினிதான் எழுதுவினைஞர், பொருளாளருக்கு உதவி, கூட்டத்துக்குத் தேநீர், எல்லாம். சங்கத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. நிருவாகத்துக்கு இன்னொன்று. நிருவாகத்தில் ஒருவரோடு ஒருவர் கதைக்காதவர்களுக்கு வேறொன்று. காலநிலைக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, கணவர் வழிச் சொந்தங்களுக்கு ஒன்று. ஒன்றைத் திறந்து பார்த்து மூடுவதற்குள் மற்றது நிறைந்துவிடும். அவள் சமைக்கும்போதும் பார்த்தாள், நடக்கும்போதும் பார்த்தாள், பூசையில் முழந்தாளில் நின்றபடியும் பார்த்தாள். அப்படிப் பார்த்தும் ஐஸ் லொறி தவறிவிட்டது.

தலைவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால், சுகந்தினியைக் கேட்டுப்பார்க்கச் சொல்லி நிருவாகம் நிக்குது. அந்தப் பிள்ளை வவுனியாவிலை கொம்பியூட்டர் படிச்சுப்போட்டு வீட்டிலை சும்மா இருக்குது."

ஜெயரூபினியின் கணவர் துசியந்தனின் ஓட்டோ பழுதாகி மாமரத்தின் கீழ் நின்றது. வீட்டுக்குள் வருகிற ஒரே சம்பளம் இதுதான்.

அப்போதுதான் அவளுக்குக் கிளிநொச்சிப் பயிற்சி ஞாபகம் வந்தது. சின்ன ஊர் அலுவலகங்களின் செய்திச் சுமையைக் குறைக்க, செயற்கை நுண்ணறிவைப் பாவிப்பது எப்படி என்று ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி நடத்தியிருந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்காக வந்தவர்கள். பிந்திப்போன ஜெயரூபினிக்கு முன்வரிசைதான் கிடைத்தது, அதனால் வேறு வழியின்றிக் கவனித்திருந்தாள். அங்கே தந்த செயலி, அவள் பாசையில் மெசின், எல்லாச் செய்தியையும் தானே வாசிக்கும். முக்கியமானதை மூன்று வரியில் சொல்லும். சாதாரணச் செய்திகளுக்குத் தானே பதிலும் போடும்.

அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அதைக் கைபேசியில் ஏற்றினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலையை மெசின் செய்கிறது என்று தெரிந்தால், மெசினையே வைத்துக்கொண்டு சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று யோசிக்கக்கூடிய நிருவாகம் அது.

அன்று முழுவதும் கைபேசி சத்தம் போடவில்லை. ஜெயரூபினி தேநீரைச் சூடாகக் குடித்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்துவிட்டதோ என்று இடையிடையே கைபேசியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். சாகவில்லை. மாலையில், ஐஸ் லொறி நாளை வழமையான நேரம், மண்ணெண்ணெய் இல்லை, பெரியம்மா நலம், என்று மூன்று வரி சொன்னது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கடற்கரையால் நடந்து வந்தவள், நின்றுவிட்டாள். அந்நேரம் கடலில் நிற்கவேண்டிய படகுகளில் நாலைந்து மணலில் கிடந்தன. தன் படகின் விளிம்பில் துவாயால் தலையைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான் மெல்ரொன்.

"ஏனக்கா அப்பிடிக் கேட்டனீங்கள்?"

அவன் தன் கைபேசியை நீட்டினான். படகு ஒன்று இயந்திரம் பழுதாகிக் கடலில் மிதந்து திரிந்த பிறகு சங்கம் போட்ட விதி அது: கடலுக்குப் போகிறவர்கள் 'வெளிக்கிடுறம்' என்று அலுவலக இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பவேண்டும், அலுவலகம் பதில் போடவேண்டும். அனுப்புகிறவர்கள் மிகச் சிலர்தான். ஜெயரூபினி அரைத் தூக்கத்தில் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவாள். இன்று மெல்ரொனின் செய்திக்குக் கீழே, அவளுடைய பெயரில், இப்படி இருந்தது: 'வணக்கம். தாங்கள் எங்கே போகிறீர்கள்? விவரம் அறியத் தரவும்.'

அந்தக் கரையில், கடலுக்குப் போகிறவனிடம் ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. கட்டாயம் அறியவேண்டுமென்றால் 'கனதூரமோ?' என்று கேட்பார்கள். நேராக எங்கே என்று கேட்டுவிட்டால் சகுனப்பிழை, அன்றைக்கு அவன் போகக்கூடாது. அவன் போகத் துணிந்தாலும் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்களும் இந்த ஒரு விசயத்தில் பங்குத்தந்தையின் பேச்சைக் கேட்பதில்லை.

"நித்திரைத் தூக்கத்திலை கை தவறிப்போச்சு தம்பி," என்றாள் ஜெயரூபினி.

"நித்திரையிலையும் நல்ல தமிழ்தான் எழுதுறியள்."

அவனுடைய மனைவி கம்சா அதோடு விடவில்லை. படித்த பிள்ளைக்கு இது தெரியாதா, கறிக்கு என்ன செய்வது, கடலில் நிற்கிறவனுக்கு ஏதும் நடந்திருந்தால் யார் பொறுப்பு என்று முழுக் கரைக்கும் கேட்கக் கேட்டாள். ஜெயரூபினி தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். கதவைச் சாத்திவிட்டு மெசினுக்கு எழுதினாள்: கடலுக்குப் போகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது.

'புரிந்தது. இனிக் கேட்கமாட்டேன்,' என்றது மெசின். பணிவான மெசின்.

அடுத்த விடியலில் அது எங்கே என்று கேட்கவில்லை. 'தாங்கள் திரும்பி வருவீர்களா?' என்று கேட்டிருந்தது.

இம்முறை மணலில் கிடந்த படகுகள் இரண்டு மடங்கு. முன்பு செய்தி அனுப்பாதவர்களும் அன்று அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு காலம் கெஞ்சியும் கேளாதவர்கள், இப்போதுதான் விதிக்குக் கட்டுப்பட்டு வருகிறார்கள், அந்த நேரம் பார்த்து இப்படி நடக்கிறதே என்று ஜெயரூபினிக்கு அழுகை வந்தது.

மெசினை நிறுத்திவிடுவதென்று தீர்மானித்தாள். நிறுத்தினாள். நிறுத்திய கையோடு கைபேசி பேய் பிடித்ததுபோல ஆடத் தொடங்கியது. மெசின் சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வந்த செய்திக்கெல்லாம் 'மிக்க நன்றி, மேலும் விரிவாக அறியத் தரவும்' என்று பதில் போட்டிருந்தது. வாழ்நாளில் ஒருவரும் தன்னை விரிவாகக் கேட்டதில்லை என்று கனடாப் பெரியம்மா தன் முழங்கால் வருத்தத்தைத் தொடக்கத்திலிருந்து குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தா. பாடகர் குழுவில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று இரு தரப்பும் ஆதாரத்தோடு எழுதியிருந்தன. சங்கக் குழுவில் ஒருவர் தன் காணி எல்லைப் பிரச்சினையை வரைபடத்தோடு போட்டிருந்தார். ஐஸ் லொறி இதற்குள் எங்கே நின்றதோ தெரியவில்லை. ஜெயரூபினி மெசினை மறுபடியும் போட்டாள்.

துசியந்தனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் ஓட்டோவின் அடியில் படுத்தபடியே யோசித்தார்.

"கதைச்சால்தானே பிழை. ஒண்டும் எழுதாமல் ஒரு படத்தை மட்டும் அனுப்பச் சொல்லு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் அப்படியே எழுதினாள். எந்தப் படம் என்று மட்டும் சொல்ல மறந்துபோனாள். மெசின் தானே ஆராய்ந்து, இந்த ஊர்க் குழுக்களில் மக்கள் அதிகம் விரும்பிப் பகிர்கிற படம் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தது. மரண அறிவித்தல்களுக்குக் கீழே எல்லோரும் போடுகிற, எரிகிற மெழுகுதிரி.

அன்று ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. முழுக் கரையும் 'வெளிக்கிடுறம்' அனுப்பியிருந்தது. இயந்திரத்தைத் திருத்தக் கொடுத்திருந்தவர்கூட அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொரு மெழுகுதிரி கிடைத்திருந்தது.

தலைவர் ஞானப்பிரகாசத்தின் வீட்டு வாசலால் போகும்போது அவர் அவளை மறித்தார்.

"எனக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாய் பிள்ளை. நான் இன்னும் சாகேல்லை."

அவர் அதை ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில்தான் நின்றாள். குசினிக்குள் இருந்த அவருடைய மனைவி புனிதம் ஓடிவந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இண்டைக்கு வாசலையும் தாண்டவேண்டாம் என்று அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. போகிற போக்கில் அவர் திரும்பி, ஞாயிறு பூசை முடிய சங்க மண்டபத்தில் பொதுக்கூட்டம், எழுதுவினைஞர் விளக்கம் சொல்லவேண்டும் என்றார். பெண்களும் வருவார்களாம். சுகந்தினியையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

அன்றிரவு ஜெயரூபினி இருந்தாள், எழும்பினாள், நடந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் கை கழுவினாள். பிறகு மெசினுக்கு மிக நீளமாக எழுதினாள். கேள்வி கேட்காதே. படம் போடாதே. கடலுக்குப் போகிற ஆருக்கும் 'மாதா துணை' என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் அனுப்பாதே. விளங்கியதா என்று கேட்டு, விளங்கியது என்று அது சொன்னதை மூன்று தரம் வாசித்தாள்.

சனிக்கிழமை விடிய மெசின் சொன்னபடி செய்தது. எல்லோருக்கும் மாதா துணை. கரையில் இயந்திரம் இல்லாத ஒன்றைத் தவிர ஒரு படகும் இல்லை, எல்லாம் கடலில். வாடைக்காற்று ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது, மழையும் தூறிக்கொண்டிருந்தது, ஆனால் ஜெயரூபினிக்குப் பல நாளுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. படகுகள் திரும்பும் நேரம் பார்த்துக் கரைக்குப் போனாள். யாராவது ஒருவர் சிரிப்பார் என்று நினைத்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நனைந்து, விறைத்து, அரைக்கூடை மீனோடு இறங்கினார்கள். கம்சா மட்டும் இப்பதான் பிள்ளை ஒழுங்காக எழுதப் பழகியிருக்கிறாள் என்றாள். மெல்ரொன் ஜெயரூபினியைப் பார்த்த பார்வை, முதல் நாள் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. தலைவர் துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. திருத்தியும் பயனில்லை. முடிவெடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள், பெண்களுக்கு நடுவில் புதுச் சேலையோடு சுகந்தினி. ஜெயரூபினி பக்கத்து அலுவலக அறைக்குள் கதிரையில் இருக்கமுடியாமல் நின்றாள். கூட்டத்துக்குக் கதிரை எடுக்க மெல்ரொன் உள்ளே வந்தான்.

"தம்பி, நான் சபையிலை உண்மையைச் சொல்லப்போறன்," என்றாள். "வேலை போனாலும் போகட்டும். ஆரையும் சாகச் சொல்லி நான் எழுதுவனே?"

"என்னக்கா உண்மை?"

"அந்தப் பதில் ஒண்டும் நான் போட்டதில்லை. மெசின் போட்டது. கிளிநொச்சியிலை தந்த மெசின். எங்கை போறியள் எண்டு கேட்டதும் அதுதான், மெழுகுதிரி கொளுத்தினதும் அதுதான்."

மெல்ரொன் தூக்கிய கதிரையைக் கீழே வைத்தான். முகத்தில் இரத்தம் இல்லை. கதிரையை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் ஓடினான். அவன் தலைவரின் காதுக்குள் குனிந்து குசுகுசுப்பது யன்னலால் தெரிந்தது. தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார். அவர் அடுத்தவரிடம். முன்வரிசை முழுவதும், காற்று மாறிய கடலைப்போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பின்வரிசைப் பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தலைவர் எழும்பி, நெற்றி வியர்வையைத் துடைத்து, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்.

மெல்ரொன் திரும்பி வந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். யன்னலையும் மூடினான். பிறகு, பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவனின் குரலில் சொன்னான்:

"அக்கா, வேலை உங்களுக்குத்தான், தலைவர் சத்தியம் பண்ணிப்போட்டார், மெசின் எண்டு மட்டும் எங்கடை மனிசிமாருக்குச் சொல்லிப்போடாதைங்கோ, ஆள் கேட்டால்தான் சகுனப்பிழை, மெசின் கேட்டதெண்டு தெரிஞ்சால் இந்த வாடைக் குளிர் முடியுமட்டும் ஒரு விடியலும் எங்களைப் போத்துக்கொண்டு படுக்க விடமாட்டாளவை."