பாலைவனத்தில் நான் அடித்த காற்று

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடந்ததை நாட்குறிப்பில் எழுதுவது எல்லோரும் செய்வது. நான் நடக்கப்போவதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவேன், அதுவும் இறந்தகாலத்தில். 'மாலை 5.42. மணல்மேட்டின் உச்சியிலிருந்து சுமதி சூரியன் மறைவதைக் கண்டாள்' என்று, விமானச் சீட்டு வாங்கிய அன்றே கோயமுத்தூர்ப் பீளமேட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை இது.

சுமதி என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் கன்னியாகுமரியில் பார்த்துவிட்டாள்; மண்ணுக்குள் இறங்குவதையும் பார்க்க வேண்டுமாம். துபாய்க்கு நான்கு நாள் பயணம் முடிவாயிற்று. பாலைவனத்துக்குக் கடைசி நாள் மாலைதான் கிடைத்தது. மறுநாள் காலை ஊர் திரும்ப வேண்டும். விட்டால் விட்டதுதான்.

ஆறு மாதம் படித்தேன். காற்றில் மணல்மேடு நகர்வது எப்படி, பிறை வடிவம் எப்படி வருகிறது, ஒட்டகத்துக்கு இமைமயிர் ஏன் இரண்டு வரிசை, பழைய காலத்து வணிகர்கள் எந்த நட்சத்திரத்தைப் பார்த்து நடந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு எடுத்தேன். (மணலில் வண்டி ஓட்டுவது பற்றிய பக்கங்களை மட்டும் 'அது டிரைவர் பார்த்துக்கொள்வார்' என்று புரட்டித் தள்ளிவிட்டேன்.)

எங்களோடு சுமதியின் தம்பி கதிர்வேலும் வந்தான். பல்லடத்தில் கோழிப்பண்ணை, மூன்று தீவன லாரிகள். என் பயண அட்டவணையின் நகல் ஒன்றை அவனிடம் கொடுத்தேன்.

"ஏனுங் மச்சான், ஒண்ணுக்குப் போறதுக்கு மூணு நிமிசம்னு போட்டிருக்கறீங்க. நாலாச்சுன்னா ஃபைனுங்களா?" என்றான்.

டிரைவர் அஷ்ரப் பாலக்காட்டுக்காரர். "கோயமுத்தூரா சார்? அப்போ நம்ம அடுத்த வீடாச்சே!" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாலைவனத்தின் விளிம்பில், வரிசையாக இருந்த கடைகளின் முன்னால் வண்டியை நிறுத்தினார். நாங்கள் கழிவறைக்குப் போய் வருவதற்குள் (நான்கு நிமிடம்) அவர் ஏதோ வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

வண்டியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான்கு டயர்களும் சப்பிப்போய்க் கிடந்தன. என் சட்டைப்பையில் எப்போதும் டயர் காற்றுப் பார்க்கும் சின்ன கேஜ் ஒன்று இருக்கும். (பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு. மற்றவர்களுக்குப் பேனா எப்படியோ, எனக்கு அது.) வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து!

கதிர்வேல் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "என்ற லாரிய எவனாச்சும் இப்படி எடுத்தான்னா, அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடுவனுங்க."

"ஏனுங்க, டிரைவரை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்கல்ல?" என்றாள் சுமதி.

"வேண்டாம் அம்மணி. நல்ல மனுசன், மூஞ்சிக்கு நேராச் சொன்னா சங்கடப்படுவாரு. நாமளே அடிச்சு வெச்சுட்டா அவருக்கும் தெரியாது, நமக்கும் நிம்மதி."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படிப்பட்டது. ஒருவருடைய தவறை அவரிடம் சொல்வதைவிட, அவருக்குத் தெரியாமல் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நாகரிகம் என்று வளர்ந்தவன் நான். கடையோரத்தில் காற்றுக் குழாய் சும்மாதான் தொங்கியது. கதிர்வேல் குழாயைப் பிடித்தான், நான் அளந்தேன். நான்கிலும் முப்பத்தைந்து. 'மாலை 4.51. பெரும் விபத்து ஒன்று தவிர்க்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

சாலை முடிந்தது. அத்தோடு என் ஆறு மாதப் படிப்பும் முடிந்தது. எந்தக் குறிப்பும் நினைவுக்கு வரவில்லை. யாரோ நேற்றுத்தான் உழுதுவிட்டுப் போன செம்மண் காடுபோல வரிவரியாக மணல். ஆனால் வரப்பு இல்லை, வேலி இல்லை, கிணறு இல்லை, முடிவும் இல்லை.

முதல் மேட்டில் அஷ்ரப்பின் நெற்றி சுருங்கியது. இரண்டாவதில் வண்டி முக்கியது. மூன்றாவதான பெரிய மேட்டின் அடியில் உறுமி உறுமி, அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது. அவர் இறங்கி டயரை ஓர் உதை விட்டார். கால்தான் வலித்திருக்க வேண்டும்.

"சார், காத்தைக் குறைச்சாத்தான் டயரு பரந்து மணல் மேல ஓடும். நான் குறைச்சு வெச்சேனே! ஆரு சார் அடிச்சது?"

"எங்க மச்சானுங்க," என்றான் கதிர்வேல் சற்றும் தயங்காமல். "நான் வெறும் ஹோஸுதானுங்க புடிச்சேன்."

மணி 5.24. காற்றை இறக்கி, மணலைத் தோண்டி, வண்டியைக் கிளப்ப அரை மணி நேரமாவது ஆகும் என்றார் அஷ்ரப். எங்களுக்கும் மேற்குத் திசைக்கும் நடுவே நான்கு மாடி உயரத்துக்கு அந்த மேடு. மீதி பதினெட்டு நிமிடம். சுமதியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், நாட்குறிப்பில் 'கண்டாள்' என்ற என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுமதி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். "வண்டிதானுங்க பொதைஞ்சிருக்குது, நானா பொதைஞ்சுட்டேன்? நடங்க."

இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கியது. பாதிக்கு மேல் நான் நான்கு காலில்தான் போனேன். பின்னாலிருந்து தள்ளிய கதிர்வேல், "தீவன மூட்டையே தேவலாமுங்க மச்சான்," என்றான்.

உச்சியை அடைந்தோம். சூரியன் இன்னும் இருந்தது.

கீழே ஆயிரம் முகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் செம்பு நிறம், மறுபக்கம் நீல நிழல். எங்கள் கண்ணெதிரே அந்த நிழல்கள் நீண்டு ஒன்றையொன்று தொட்டன. சத்தமே இல்லை, பாதத்தின் மேல் மணல் ஊர்வது மட்டும் தெரிந்தது. இத்தனை பெரிய ஒன்று, பார்க்க ஒருவரும் இல்லாவிட்டாலும் தினமும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசிக் கீற்று மண்ணுக்குள் இறங்கியது எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மண்வெட்டியோடு அஷ்ரப்பும் மேலே வந்திருந்தார். "ஒம்பது வருசமா ஓட்டறேன் சார். நடந்து ஏறினது இன்னைக்குத்தான்," என்றார் மெதுவாக.

"காத்து சரியா இருந்திருந்தா வண்டியிலயே வந்து, போட்டோ எடுத்துட்டு எறங்கியிருப்போமில்லீங்க?" என்றாள் சுமதி. இருபது வருட இல்லறத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள் அதே சுற்றுலாவுக்குப் போனார்கள். டிரைவர் வேறு ஆள். பாலைவன விளிம்பில் வண்டியை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். கோயமுத்தூர்ப் பக்கம் என்றதும், "அப்போ எல்லாரும் என்கூடவே டீக்கடைக்கு வரணும். வண்டிகிட்ட ஒருத்தரும் நிக்கப்படாது," என்று குழந்தை உட்பட அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு போனாராம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து கதிர்வேல், எந்தக் கல்யாண மண்டபத்திலும் என்னை அறிமுகப்படுத்தும் விதமே மாறிவிட்டது. "எங்க மச்சானுங்க. துபாய் வரைக்கும் பேரு போயிருக்குதுங்க."

"இவரு பேரு எங்க தம்பி போச்சு?" என்பாள் சுமதி, பந்தியில் இலை போடுவதற்குள். "ஊரு பேருதான் போச்சு."