பஸ் வந்தால் வாய் திறக்கும்

இல்ஃபோர்டில் சிவப்பு மனிதனுக்கு மரியாதை கொடுத்த ஒரே தமிழர் எங்கள் ஜெர்மன் அண்ணைதான். தெருவைக் கடக்கிற இடத்தில் விளக்கில் சிவப்பு மனிதன் நின்றால் இவரும் நிற்பார். ஒருநாள் இந்தப் பக்கமும் கார் இல்லை, அந்தப் பக்கமும் கார் இல்லை, மழை கொட்டுகிறது, என் இரண்டு கையிலும் மரக்கறிப் பை. நான் நடுத்தெருவில் நின்று, "வாருமன் தம்பி, ஒண்டும் வரேல்லை" என்று கத்துகிறேன். மனிதர் அசையவில்லை. "அக்கா, சிவப்பு" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற நாய்கூட என்னோடு கடந்து வந்துவிட்டது.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. கடிதங்களில் வரும். நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதற்குள் அவர் வந்து கடிதத்தை எடுத்துப் போய்விடுவார். ஆகவே அவர் ஊருக்கெல்லாம் ஜெர்மன் அண்ணை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பதால் முகத்துக்கு நேரே எனக்குத் தம்பி. ஜெர்மனியில் இருபது வருடம் தொழிற்சாலையில் பூட்டுச் செய்தவர். லண்டனுக்கு வந்து வீடு வீடாகக் குழாயும் கதவும் திருத்திக்கொண்டிருந்தார். என் வீட்டில் முன் அறை அவருக்கு. மேல்மாடியில் தர்ஷினியும் புருஷனும் அவர்களுடைய மகள் மகியும். சமைக்கிற குசினி எல்லோருக்கும் பொது.

பொது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்த முதல் கிழமையே, ஏழு நாள் முடிவதற்குள், அது ஜெர்மனியாகிவிட்டது. குப்பையைக் கழுவித்தான் போடவேண்டுமாம். தயிர் டப்பாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மூடியைத் தனியாக எடுத்து வைப்பார். "தம்பி, இதைக் குப்பையில போடுறமோ, கலியாணம் கட்டிக் குடுக்கிறமோ?" என்று கேட்டேன். "ஜெர்மனியில..." என்று தொடங்கினார். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

தோசையைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு ஒப்பரேசன் செய்கிறமாதிரி வெட்டுவார். இடியப்பத்தை நாலாகப் பிரித்து ஒவ்வொரு மூலையாக முடிப்பார். அதையும் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான்; சாவித் துளையால் கண்டதைத்தான் சொல்கிறேன். அடுத்தவர் சமைத்த ஒரு பருக்கை தொடமாட்டார். நான் வடை சுட்டால் நாலு வடையைத் தட்டில் வைத்துக் கதவைத் தட்டுவேன். "நன்றி அக்கா. வேண்டாம். பழகக் கூடாது" என்பார். கதவு மூடிவிடும். வடையும் நானும் வெளியே நிற்போம். ஆறு வருடம் இப்படி.

இனி மகியின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. பிள்ளைக்குத் தீத்துவதில், அதாவது சோறு ஊட்டுவதில், என்னை மிஞ்ச இந்த லண்டனில் ஆள் இல்லை. நான் சொல்லவில்லை, என் கையால் வளர்ந்த கன்னங்கள் சொல்லும். சோற்றைப் பருப்போடு குழைத்து, கொஞ்சம் நெய் விட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்த குசினி ஜன்னலடியில் நிற்பேன். எங்கள் தெருவால் பஸ் போகும். "அந்தா பஸ் வருது!" பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும். உருண்டை உள்ளே. ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஏழு பஸ். கீரை என்றால் ஒன்பது.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. தள்ளுவண்டியில் வைத்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனாலும் பஸ்ஸைக் கண்டால் வாய் திறக்கும். ஒரு வெள்ளைக்கார அம்மா குனிந்து பார்த்து, பிள்ளைக்குத் தொண்டை நோவா என்று கேட்டாள். "நோ, நோ. லஞ்ச்" என்றேன்.

பிறகு நேர்சரி வந்தது. பழகுவதற்கென்று விட்ட மூன்று நாளும் மகி மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாளாம். பஸ்ஸும் வரவில்லை, உருண்டையும் வரவில்லை. அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற பெண் நல்லவள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம்: இங்கே எல்லாப் பிள்ளைகளும் தாங்களாகத்தான் சாப்பிடுகிறார்கள், மகி கரண்டி பிடிக்கும்வரை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

தர்ஷினி குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். நடு லண்டனில் ஒரு பல் வைத்தியரிடம் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருடம் தேடிக் கிடைத்தது. மூன்று கிழமையில் தொடங்கவேண்டும். மத்தியானம் பிள்ளையைக் கூட்ட ஓடிவருகிறவளுக்கு எந்த வைத்தியர் வேலை கொடுப்பார்?

"வேண்டாமெண்டு சொல்லப்போறன் அன்ரி."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. நான் போய் அங்கை தீத்திறன்."

"உங்களை உள்ளுக்கு விடமாட்டினம்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. என் கையை மட்டும் ஒருதரம் பார்த்தாள். எனக்குச் சுரீர் என்றது. என் கையில் சாப்பிட்ட பிள்ளை பட்டினியாக வீடு வந்தது அதுதான் முதல்தரம்.

ஜெர்மன் அண்ணை அந்நேரம் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக் குழாய் திருகிக்கொண்டிருந்தார். தலையை எடுக்காமலே சொன்னார்: "மூண்டு கிழமை காணும். ஜெர்மனியில மூண்டு கிழமையில பாலமே கட்டுவாங்கள்."

"உமக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமிருக்கோ தம்பி?"

"இல்லை அக்கா. பாலமும் கட்டினதில்லை."

அடுத்தநாள் வேலை தொடங்கியது. மகியின் கையை அளந்தார். வாயை அளக்கப் போனார், அவள் அளவுகோலைக் கடித்துவிட்டாள். ஒரு தேக்கரண்டியை இடுக்கியில் வைத்து வளைத்து, குளிர் பிடிக்காமல் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுறையைப் பிடிக்குச் சுற்றினார். கோப்பை வழுக்காமல் கீழே ரப்பர் ஒட்டினார். சமம் பார்க்கிற நீர்மட்டக் கருவியைக் கரண்டிமேல் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிலத்துக்குப் பெயின்ற்காரர் விரிக்கிற பிளாஸ்ரிக். தனக்கு நீலக் காற்சட்டையும், சுவரில் துளை போடும்போது போடுகிற கண்ணாடியும்.

நான் சிரித்தேன். இரண்டாம் நாள் அந்தக் கண்ணாடியை எனக்கும் தரும்படி கேட்டேன். பருப்பு சீலிங்வரைக்கும் போனது. அந்த மஞ்சள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அது நடந்தது. மகி கரண்டியைப் பிடித்தாள். சோற்றை அள்ளினாள். ஒரு பருக்கை சிந்தாமல் தூக்கினாள். ஜெர்மன் அண்ணை மூச்சுவிடவில்லை. கரண்டி மெல்ல எழும்பி, மேசையைத் தாண்டி, நேரே போய் அவருடைய மூடிய வாயில் முட்டியது.

"ஆ" என்றாள் மகி.

அவர் பின்னுக்குச் சாய்ந்தார். கரண்டியும் கூடவே வந்தது.

"இல்லை. உன்ரை வாய். உன்ரை வாய்க்குள்ளை."

மகி ஜன்னலைக் காட்டினாள். "பஸ்!"

மனிதர் திரும்பிப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. சோறு உள்ளே.

நான் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. ஆறு வருடம் என் வடையைத் தொடாத மனிதர், நான் சமைத்த சோற்றை வாயில் வைத்துக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தார். கடைசியில் விழுங்கினார். "உப்புக் காணாது" என்றார்.

அன்றிலிருந்து மகி ஒரு பருக்கை சிந்துவதில்லை. தான் சாப்பிடுவதும் இல்லை. முழுக் கோப்பையும் ஜெர்மன் அண்ணைக்குத்தான். ஒரு கிழமையில் அவர் இடுப்புப் பட்டியில் ஒரு துளை தள்ளிப் போட்டார். பிள்ளை மெலியவில்லையா என்று கேட்பீர்கள். மெலியவில்லை. ஏனென்றால் பாடம் முடிந்ததும் நான் அவளைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் வைத்துத் தீத்திக்கொண்டிருந்தேன். அங்கே பஸ் தெரியாது. ரயில் சத்தம் கேட்கும், அது போதும்.

ஜெர்மன் அண்ணை குப்பைத் தொட்டியைத் துடைக்கிற மனிதர் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"அக்கா, நீல மூடியில மூண்டு சோத்துப் பருக்கை. என்னது?"

"குருவிக்குப் போட்டனான்."

"நெய் விட்டோ?"

பிடிபட்டுவிட்டேன். ஆனால் வாய் ஓய்கிற ஆளா நான்? "உம்மடை கரண்டியால பிள்ளை செத்துப்போகும். பன்ரண்டு நாளாச்சு, என்னத்தைப் படிப்பிச்சீர்? உமக்குத் தீத்தத்தான் பழகியிருக்கிறாள்."

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அவளிலை பிழையில்லை அக்கா. அவள் கண்டதைத்தானே செய்யிறாள்" என்றார். "இந்த வீட்டிலை ஆராவது சாப்பிட்டு அவள் கண்டிருக்கிறாளோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். நான் எல்லோரும் போனபிறகு சட்டியோடு இருந்து சாப்பிடுவேன். தர்ஷினி தொட்டியடியில் நின்றபடி இரண்டு வாய். புருஷன் ஷிப்டுக்குப் போகிற வழியில் காருக்குள். சாப்பாடு எடுத்த கை அடுத்தவர் வாய்க்குத்தான் போகும் என்பதைத்தவிர அந்தப் பிள்ளை வேறொன்றையும் பார்த்ததில்லை.

"நீர் மட்டும் என்னவாம்? கதவைப் பூட்டிக்கொண்டு..."

"ஓம். நானுந்தான்" என்றார்.

அதற்குமேல் என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

மறுநாள் ஒரு மணிக்குக் குசினி மேசையில் நாலு கோப்பை, நாலு கரண்டி. தர்ஷினி, மகி, அவர், நான். எனக்குக் கரண்டி எதற்கு என்று கேட்டேன். பிள்ளை ஆரைப் பார்த்துப் பழகும் என்று கேட்டார். எழுபத்துமூன்று வயதுவரை என் ஐந்து விரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. இருந்தும் எடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் கரண்டி மூக்கில் போனது. இரண்டாவது என் சீலையில். மகி கைதட்டினாள். ஜெர்மன் அண்ணை எழும்பிப் போய், மடித்து வைத்திருந்த பிளாஸ்ரிக்கை எடுத்துவந்து என் கதிரைக்குக் கீழே விரித்தார். இந்த அவமானத்தை நான் எந்த ஜென்மத்தில் மறப்பேன்! அடுத்தநாள் என் கைக்கும் ஒரு கரண்டியை வளைத்து, பஞ்சுறை சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். நீர்மட்டமும் வைத்துப் பார்த்தாராம்.

ஆனால் கஷ்டம் அதுவல்ல. மகி தன் கரண்டியை என் வாய்க்கு நீட்டுவாள். "ஆ" என்பாள். "திறவாதேங்கோ அக்கா" என்பார் அவர். பிள்ளை நீட்டுகிற சோற்றுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பது கல்லுடைக்கிற வேலை. நான் சீலிங்கில் இருந்த பருப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

வேலை தொடங்க நாலே நாள் இருந்தது. தர்ஷினி வேண்டாம் என்று சொல்லும் கடிதத்தை எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள், எனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. எல்லோருக்கும் பசி. மகி கரண்டியை நிரப்பித் தாயிடம் நீட்டினாள். தாயின் வாய் நிறையச் சோறு. என்னிடம் நீட்டினாள். எனக்கும் நிறைந்திருந்தது. ஜெர்மன் அண்ணையிடம் திரும்பினாள். அவர் இரண்டு கன்னமும் ஊதிப்போய் மென்றுகொண்டிருந்தார். பிள்ளை மேசையைச் சுற்றி ஒருதரம் பார்த்தாள். வெறுமையாக இருந்தது ஒரே ஒரு வாய்தான்.

அதற்குள் வைத்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. பயத்தில் மென்றுகொண்டே இருந்தோம். மகி இரண்டாவது கரண்டி அள்ளினாள். மூன்றாவது. தர்ஷினியின் கண்ணால் நீர் ஓடியது, ஆனாலும் அவள் வாயை நிறுத்தவில்லை. ஜெர்மன் அண்ணை எழும்பித் தொட்டியடிக்குப் போய், கழுவியிருந்த சட்டியைத் திரும்பவும் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

அடுத்த திங்கள் தர்ஷினி எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போனாள். மகி நேர்சரியில் சாப்பிட்டாள். பாடம் முடிந்துவிட்டது. ஆனாலும் மத்தியானம் ஒரு மணிக்கு அவருடைய முன் அறைக் கதவு திறந்தது. மனிதர் வந்து மேசையில் தன் கதிரையில் இருந்தார். நான் கோப்பையை வைத்தேன்.

இப்போது அவர் லண்டனின் மற்றக் கரையில், ரெய்னர்ஸ் லேனில் தங்கையோடு இருக்கிறார். மகி பள்ளிக்கூடம் போகிறாள், கத்தியும் முள்ளுக்கரண்டியும் அவளுக்குத் தண்ணீர்பட்டபாடு. வளைத்த கரண்டி என் அலுமாரியில் இருக்கிறது. நான் கையால்தான் சாப்பிடுகிறேன்.

மாதத்தில் ஒருநாள் அவர் என்னைப் பார்க்க வருவார். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் சமமாக அடுக்கி வைத்துக்கொண்டு இருப்பார். நான் சோற்றைப் பருப்போடு குழைத்து, நெய் விட்டு, ஓர் உருண்டை எடுத்து, "அந்தா பஸ் வருது" என்பேன். மனிதர் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறப்பார்.

எங்கள் தெருவால் பஸ் போவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. அது அவருக்கும் தெரியும்.